இரண்டு பதிவேடுகளில் ஒரு பெயர்

அந்தத் தபால் வந்த காலையில் என் கணவர் கிணற்று ராட்டினத்துக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று குடித்தனங்களுக்குப் பொதுவான கிணறு. ராட்டினம் போடும் சத்தத்தில் குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது என்று பக்கத்துக் குடித்தனத்துக் காந்தா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வேலை பார்த்த சைக்கிள் கடையிலிருந்து ஒரு கொட்டாங்குச்சியில் கிரீஸ் எடுத்து வந்து, கட்டைவிரலால் அச்சில் அப்பி, வாளியை மூன்று தடவை இறக்கி ஏற்றிப் பார்த்தார். சத்தமே இல்லை.

“இனிமே யாரு தண்ணி சேந்துனாலும் உனுக்குத் தெரியாது” என்றார் என்னிடம். சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினார். நான் அடுப்பில் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். 1962, கார்த்திகை மாதம். பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றின் கடைசி வீடு எங்களுடையது.

தபால்காரர் முனிசாமி வாசலில் நின்று மணி அடித்தார்.

“அர்ஜுனண்ணே, ரிஜிஸ்தர் தபாலு. ஆனா உனுக்கு இல்ல போலக்குது.”

“பின்ன யாருக்கு?”

“காலஞ்சென்ற அர்ஜுனனோட வாரிசுங்களுக்குன்னு இங்கிலீஷ்ல போட்டுக்குறான். வீட்டு நம்பரு இதான். யாருண்ணே வாரிசு, அண்ணியா?”

“குடுய்யா. செத்தவனே கையெழுத்துப் போடுறேன்” என்றார் இவர். முனிசாமி சிரித்தார். நானும் சிரித்தேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு அர்ஜுனன் என்று தமிழில் போட்டார். அந்தப் பெயரில் அவர் போட்ட கடைசிக் கையெழுத்து அது.

இவர் பாகூர்க்காரர். பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதாவது இவர் பிறந்த காலத்தில் பிரெஞ்சுக்காரன் ஊர். அந்த ஊர்ப் பிள்ளைகள் பலரைப் போல இவரும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து எட்டு வருஷம் சைகோனில் இருந்தார். இப்படிப்பட்டவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்கள். திரும்பி வந்த பிறகு ஐயம்பேட்டையில் என் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவரை என் அப்பா எனக்கு மாப்பிள்ளையாகப் பிடித்துப் போட்டார். காஞ்சிபுரத்திலேயே தங்கிவிட்டார்.

புதுச்சேரியை இந்தியாவிடம் முறைப்படி ஒப்படைக்கும் காரியம் அந்த வருஷம் ஆகஸ்டு பதினாறாம் தேதி முடிந்தது. அதற்கு எட்டு வருஷம் முன்பே கொடியும் போலீசும் மாறிவிட்டன. ஆனால் காகிதத்தில் முடிந்தது அன்றைக்குத்தான். அந்த மண்ணில் பிறந்தவர்கள், வெளியூரில் குடியிருந்தாலும், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர் இந்தியர். இவர் எந்தப் பக்கம் என்று முடிவு செய்திருக்கவில்லை. “எட்டு வருஷம் அவன் ரொட்டியத் தின்னுக்குறேன். வேணாம்னு சொல்றதுன்னாலும் நேர்ல போயி சொல்றதுதான் மரியாதை” என்று சொல்லி, விசாரணைக்கு ஒரு தேதி கேட்டு விண்ணப்பம் அனுப்பியிருந்தார். அதற்குத்தான் இந்தப் பதில்.

தபாலைப் பேருந்து நிலையத்தருகே டைப்ரைட்டிங் கடை வைத்திருந்த தாவீதிடம் எடுத்துக்கொண்டு போனோம். தாளின் இடப்பக்கம் பிரெஞ்சு முத்திரை, வலப்பக்கம் சிங்க முத்திரை. ஒரே விஷயம் இரண்டு மொழிகளில். அடியில் இரண்டு கையெழுத்துகள் ஒரே வரிசையில் இருந்தன.

“எத்தினியோ சர்க்கார் காயிதம் பாத்துக்குறேன்” என்றார் தாவீது. “ரெண்டு சர்க்கார் ஒண்ணாக் குந்திக்கினு ஒரே காயிதத்துல கையெழுத்துப் போட்டு இப்பத்தாம்பா பாக்குறேன். ரொம்ப மரியாதையா எழுதிக்குறாங்க.”

“மரியாதை கெடக்கட்டும் சார். இன்னா எழுதிக்குது?”

“உன் விண்ணப்பம் வந்துச்சாம். ரெண்டு நாட்டுப் பதிவேட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்தாங்களாம். பாகூர்ல 1917ல அர்ஜுனன்னு ஆம்பளப் புள்ள பொறந்ததா பிரெஞ்சுப் பதிவேட்டுல இருக்குது. பக்கத்துல இங்கிலீஷ்காரன் எல்லையில இருந்த கிராமத்துப் பதிவேட்டுல, 1918ல, அதே அப்பன், அதே ஆத்தா, அதே அர்ஜுனன், பதினோரு மாசத்துல ஜொரம் கண்டு செத்துட்டதா இருக்குது.” தாவீது மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஆகையால விண்ணப்பம் போட்ட ஆளு யாருன்னு, ஆழ்ந்த அனுதாபத்தோட கேக்குறாங்க.”

இவர் சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“கரெக்டாத்தான் எழுதிக்குறாங்க” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார். பதினான்கு வருஷத்தில் ஒரு தடவையும் சொல்லாததை, மளிகைச் சாமான் பட்டியல் சொல்வதுபோலச் சொன்னார்.

அவருக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான். அர்ஜுனன் அவன்தான். அவர்களுடைய ஊரில் ஒரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். குழந்தை அந்தப் பக்கம், அம்மாவைப் பெற்றவர்கள் வீட்டில் இறந்தது. அந்தக் கிராமத்து முன்சீப் எழுதிக்கொண்டார். இந்தப் பக்கம் யாரும் போய்ச் சொல்லவில்லை. அடுத்துப் பிறந்தவர் இவர். தலைச்சன் போன வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுப்பார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்கு ஒருபடித் தவிட்டுக்கு விற்றும் விடுவார்கள். பிறகு அந்தப் பெண் தன் பிள்ளை என்று சொல்லி, பெற்ற தாயிடமே வளர்க்கக் கொடுத்ததாகக் கணக்கு. இவருக்குக் குப்பன் என்று பெயர். பதிவு செய்யவில்லை. சர்க்கார் புத்தகத்தில் பெயர் ஏறினால் யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம் என்று அவருடைய அம்மா பயந்தாள்.

பதினேழு வயதில் பட்டாளத்தில் சேரப் போனபோது பிறந்த சான்று கேட்டார்கள். வயதும் போதவில்லை. அப்பா போய்ப் பதிவேட்டைப் பிரிக்கச் சொன்னார். அதில் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு மகன்தான் இருந்தான், அர்ஜுனன். அந்தச் சான்றை வாங்கிவந்து இவர் கையில் கொடுத்தார்.

“அண்ணன் சட்டைய தம்பி போட்டுக்கிறது இல்லியா? அது மாதிரி” என்றார்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ரெண்டு சர்க்காரும் பேசிக்கல. நானும் சொல்லல. இப்ப அவங்க பேசிக்கினாங்க.”

நான் கழுத்தில் கட்டியிருப்பது பதினோரு மாதக் குழந்தையின் பெயரில் வந்த தாலி என்று நினைத்தபோது, நடந்துகொண்டிருந்த தெருவின் நடுவில் நின்றுவிட்டேன். அவர் நாலு அடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு வெயிலில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் வரிசையாகத்தான் சொல்ல முடியும். அர்த்தம் சொல்ல எனக்குத் தெரியாது.

முதலில் அவர் பெயருக்குத் திரும்புவதை நிறுத்தினார். கடைக்கு வருகிறவர்கள் “அர்ஜுனண்ணே” என்றால் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்ப்பார். பிறகு மற்றவர்களும் மாறினார்கள். கடை முதலாளி கௌஸ் பாஷா தினமும் நாலு பேருக்கு நாலு டீ வாங்குவார். ஒரு வாரம் தொடர்ந்து மூன்று டீ வந்தது.

“அரே, நீ எப்ப வந்தே?” என்று பாஷா கேட்டாராம். “காலைலேர்ந்து இங்கதான் இருக்குறேன் பாய்” என்று இவர் சொன்னாராம். பாஷா தன் டீயை இவரிடம் கொடுத்துவிட்டு, தனக்குக் கண் மங்குகிறது என்று வருத்தப்பட்டாராம். இதைச் சொல்லி இவர் சிரித்தார்.

எதிர்வீட்டு வரதராஜன் நெசவாளர். வாய்த் துடுக்குக்காரர். காலை வெயில் ஏறுவதற்குள் தெருவின் நீளத்துக்குத் தறிப் பாவு நூலை விரித்துக் கட்டுவார்கள். பட்டு நூல் இடுப்பு உயரத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போகும். அந்த நேரத்தில் தெருவைக் குறுக்கே கடக்க வேண்டுமானால் குனிந்து நூலுக்கு அடியில் நுழைய வேண்டும். யார் நுழைந்தாலும் நூல் கொஞ்சம் அதிரும். வரதராஜன் திட்டுவார். மார்கழி மாதம் ஒரு காலையில் இவர் என் கண்ணெதிரில் குனிந்து பாவுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனார். முதுகு நூலில் பட்டது. நான் பார்த்தேன். பக்கத்திலேயே கஞ்சி பூசிக்கொண்டிருந்த வரதராஜன் நிமிரவில்லை.

“எங்க வீட்டுக்காரர இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியே” என்றேன்.

“அவரு எங்கம்மா வந்தாரு? இந்தப் பக்கம் யாரும் வரலியே” என்றார் வரதராஜன். “நூலு அசஞ்சா என் கைக்குத் தெரியாதா?”

இன்னொரு நாள் மத்தியானம், அவர் கடைக்குப் போயிருந்த நேரம். கூடத்து உத்தரத்தில் தூளி கட்ட ஓர் இரும்பு வளையம் உண்டு. வீட்டைக் கட்டியவர்கள் போட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லாததால் அதில் ஒரு நாளும் கயிறு ஏறியதில்லை. நான் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளையம் மெல்ல ஆடியது. காற்று இல்லை. காந்தாவின் புடவை முற்றத்தில் கொடியில் அசையாமல் தொங்கியது. சாயங்காலம் அவரிடம் சொன்னேன்.

“பேரக் கேட்டுக்கினு வந்துக்குறான்” என்றார் சாதாரணமாக. “நாப்பத்தஞ்சி வருஷம் ஆச்சி. கேப்பான் இல்ல?”

எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. இந்த மனிதரை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரனோ இந்தியனோ, குப்பனோ வேறெதுவோ. எந்தப் பெயரானாலும் சரி, ஒரு புத்தகத்தில் மையால் எழுதினால் நிலைப்பார் என்று நம்பினேன். எழுதப் படிக்கத் தெரிந்தவளின் நம்பிக்கை அது.

வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போனோம். கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே ஒரு பழைய கட்டடம். ஓர் அகலமான மேஜைக்குப் பின்னால் இரண்டு அதிகாரிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிரெஞ்சு அரசாங்கத்தின் அதிகாரி வயதானவர், வெள்ளைக்காரர், தமிழ் பேசினார். நம் அரசாங்கத்து அதிகாரி இளைஞர், தஞ்சாவூர்ப் பக்கம். இருவருக்கும் ஒரே மைக்கூடு. ஒருவர் பக்கத்தைப் புரட்டும்போது மற்றவர் அது மடங்காமல் விரலால் பிடித்துக்கொண்டார். எங்களுக்கு நாற்காலி போட்டு, சோடா வாங்கிவரச் சொன்னார்கள்.

இரண்டு பதிவேடுகளையும் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். ஒன்றில் பிறப்பு, ஒன்றில் இறப்பு. ஒன்றில் விட்டதை மற்றது முடித்திருந்தது.

“எங்களுக்குள்ள இதுல ஒரு கருத்து வித்தியாசமும் இல்ல” என்றார் வெள்ளைக்காரர். “அதுதான் கஷ்டம்.”

“அர்ஜுனன் இறந்தது நிச்சயம் சார்” என்றார் தஞ்சாவூர்க்காரர் இவரைப் பார்த்து. “நீங்க குப்பன்னு சொல்றீங்க. குப்பன் பிறந்ததைப் பார்த்தவங்க யாராவது ஒருத்தர் வந்து சொன்னாப் போதும். ரெண்டு அரசாங்கமும் ஏத்துக்கும். சேர்ந்தே எழுதிடுவோம். பிப்ரவரி பதினஞ்சுக்குள்ள.”

இப்படி ஒரு தயவை நான் எந்த அலுவலகத்திலும் பார்த்ததில்லை. கைகூப்பிவிட்டு வந்தேன்.

பார்த்தவர்களில் உயிரோடு இருந்தது ஒரே ஒருத்தி. செல்லியம்மாள், இவரைத் தவிட்டுக்கு வாங்கியவள். எழுபது வயதுக்கு மேல். தை மாதம் பொங்கல் கழித்துப் பாகூருக்குப் போனோம். கொல்லையில் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“வாடா குப்பா. இளைச்சிட்ட” என்றாள். மூன்று மாதத்தில் அவரைப் பார்த்தவுடன் கண்டுகொண்ட முதல் ஆள் அவள்தான்.

வந்த விஷயத்தை நான் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். மணிலா உரிப்பதை நிறுத்தவில்லை.

“வர முடியாதும்மா.”

“பொய் சொல்லச் சொல்லல பெரிம்மா. உள்ளதச் சொன்னாப் போதும்.”

“உள்ளதச் சொல்லக் கூடாதுன்னுதான வாங்குனேன்? இவன் அவ பெத்த புள்ளன்னு எழுதுற எடத்துல போயி சொன்னா, அது கேட்டுக்கினே இருக்குது, தெரிஞ்சிக்கும். வேணும்னா என் புள்ளன்னு சொல்றேன். நான் பெத்தேன்னு சொல்றேன். அப்பிடி எழுதிக்கச் சொல்லு.”

“நீங்க கல்யாணமே பண்ணிக்கலன்னு ஊருக்கே தெரியும். ரெண்டு சர்க்காரும் விசாரிப்பாங்க.”

“அப்ப எழுதாத வுடு.”

டீக் கணக்கையும், அசையாத பாவு நூலையும், தூளி வளையத்தையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். இவர் முற்றத்தில் ஒரு கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுக்கா அழுவுற?” என்றாள் செல்லியம்மாள். “யார் கண்ணுக்கும் தெரியாம இருக்கான் இல்ல? அப்பிடித்தான் இருக்கணும். அதனாலதான் இருக்கான். பட்டாளத்துக்குப் போயி குண்டு படாம வந்தானே, எதனால?”

“எனக்கு இப்பிடி வேணாம் பெரிம்மா. எனக்கு இவரு ஆளா வேணும்.”

அவள் கை நின்றது. இவரைப் பார்த்தாள். “நீ இன்னாடா சொல்ற?”

“அவ சொல்றதுதான்” என்றார் இவர். “எனுக்கும் சலிச்சிப் போச்சி பெரிம்மா. அடுத்தவன் பேர எத்தினி நாளு தூக்கிக்கினு திரியிறது?”

“அப்ப நான் வித்துடணும். வாங்குன பொருள விக்காம இன்னொருத்தருதுன்னு எப்பிடிச் சொல்றது? போயி ஒருபடித் தவிடு கொண்டா. அவன் கையால வேணாம். நீ கொண்டா.”

நான்தான் போனேன். மூன்று வீடு தள்ளி மாட்டுக்காரர்கள் வீட்டில் கேட்டு வாங்கி, முறத்தில் ஏந்தி வந்தேன். செல்லியம்மாள் எழுந்து நின்று முந்தானையில் வாங்கிக்கொண்டாள். வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இந்தா உன் ஆளு” என்றாள்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, அவள் அந்த மேஜைக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள். இன்ன வருஷம், இன்ன மாசம், இன்னாருக்கு இரண்டாவது பிள்ளை, பெயர் குப்பன், பிறந்ததை நான் பார்த்தேன். தஞ்சாவூர்க்காரர் எழுதினார். வெள்ளைக்காரர் அதைப் பார்த்துத் தன் மொழியில் எழுதினார். ஓர் எழுத்தில் சந்தேகம் வந்தபோது இருவரும் தலையை ஒன்றாகச் சேர்த்துக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். இரண்டு புத்தகங்களிலும் மை காயும்வரை நாங்கள் ஆறு பேரும், ஏவலாளையும் சேர்த்து, காத்திருந்தோம். செல்லியம்மாள் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் இல்லை.

பிறகு அதிகாரிகள் இருவரும் எழுந்து அவருக்குக் கை கொடுத்தார்கள்.

“மிஸ்டர் குப்பன், இப்ப சொல்லுங்க” என்றார் வெள்ளைக்காரர். “எந்த நாடு?”

“இன்னிக்குத்தான் சார் பொறந்துக்குறேன்” என்றார் இவர். “பொறந்த புள்ளய ஒடனே கேட்டா எப்பிடி? வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி அனுப்புறேன்.”

இரண்டு அதிகாரிகளும் சிரித்தார்கள். தபால் முத்திரை வெள்ளிக்கிழமை விழுந்திருந்தால் போதும் என்று ஒருவரும், அதற்குத் தங்கள் அரசாங்கமும் ஆட்சேபிக்காது என்று மற்றவரும் சொன்னார்கள்.

அன்று இரவே ஊர் திரும்பினோம். செவ்வாய்க்கிழமை காலை அவர் பாவுக்கு அடியில் நுழைந்தபோது வரதராஜன் கத்தினார். “யோவ், எருமை மாதிரி முதுகைத் தேச்சிக்கினு போறியே. உன் சைக்கிள் டயருன்னு நெனச்சியா, பட்டுய்யா அது.” நான் வாசலில் நின்று கேட்டேன். பூஜை மணி கேட்டதுபோல இருந்தது. பாஷா கடையில் நாலு டீ வந்தது. முடிவெட்டிக்கொண்டு வந்தார். எந்த நாடு என்று இரண்டு பேரும் விளையாட்டாகப் பேசிக்கொண்டோம். பிரெஞ்சுக்காரர் ஆனால் எனக்குக் கவுன் வாங்கித் தருவதாகச் சொன்னார். அதைத் தாண்டி அந்தப் பேச்சு போகவில்லை. அவரை நான் அவருடைய பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, அது எங்கள் வழக்கமில்லை. காஞ்சிபுரத்தில் வேறு யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை, பதிமூன்றாம் தேதி. மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். காமாட்சியம்மன் கோயில் நடை சாத்தியிருப்பார்கள். பாவெல்லாம் சுருட்டிக்கொண்டு போய்விட்டதால் தெரு வெறுமையாக இருந்தது. அவர் சாப்பிட உட்கார்ந்து, ரசத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

தெருவிலிருந்து யாரோ “குப்பா” என்று கூப்பிட்டார்கள்.

ஆண் குரலா பெண் குரலா என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. வயதும் சொல்ல முடியாது. அதட்டல் இல்லை. விளையாடக் கூப்பிடுகிற மாதிரி, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. உச்சி வேளையில் முதல் கூப்பாட்டுக்குக் குரல் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டால்தான் மனிதர். அவருக்கும் தெரியும். ஆனால் அந்த ஊரில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நாற்பது வயதுக்கு மேற்பட்ட முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

“தோ வரேன்” என்றார் சத்தமாக.

நான் கரண்டியோடு எழுந்தேன். அவர் முற்றத்துக்குப் போய் நிதானமாகக் கையைக் கழுவிக்கொண்டு, என்னைத் தாண்டி வாசலுக்கு வெளியே போனார். நான் போய்ப் பார்த்தபோது தெருக்கோடியில், பாவு கட்டும் கம்பத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தார். வலது கை இன்னும் ஈரமாக இருந்தது. மூச்சு இல்லை.

காந்தா பிறகு சொன்னாள். அவர் பதில் சொன்னது அவளுக்குக் கேட்டது. கூப்பிட்ட குரல் கேட்கவில்லை. டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

வியாழக்கிழமை முனிசாமி ஒரு பதிவுத் தபால் கொண்டுவந்தார். மணி அடிக்காமல் வாசலில் நின்றார். குப்பனின் பிறப்புச் சான்று, இரண்டு மொழிகளில், இரண்டு முத்திரைகளோடு. அதை எடுத்துக்கொண்டுதான் இறப்பைப் பதியப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ சுத்தமா யாரும் பேப்பர் கொண்டாந்ததில்லமா” என்றார். மூன்றாம் நாள் சான்று கிடைத்தது. இரண்டு அரசாங்கங்களுக்கும் தாவீது டைப் அடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஒரே மாதத்தில் பதில் வந்தது. இரண்டு பதிவேடுகளிலும் குப்பன் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதப்பட்டுவிட்டது, இரு அரசாங்கங்களும் தங்கள் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கின்றன என்று இருந்தது. யாரும் எனக்கு ஒரு தவறும் செய்யவில்லை.

பங்குனியில் பாகூருக்குப் போனேன். செல்லியம்மாள் நான் வாய் திறப்பதற்கு முன், “பேரு சொல்லிக் கூப்ட்டுதா?” என்று கேட்டாள்.

தலையசைத்தேன்.

“ஒரு தடவையா?”

“ஒரு தடவ.”

அவள் எனக்குச் சோறு போட்டாள். நான் அழுதபோது, “நீ வாங்குன. வாங்குனது உன்னுதுதான். யாருகிட்டப் போயி கேக்குறது?” என்றாள். அதில் கோபம் இல்லை. அடுத்த வருஷம் அவளும் போய்விட்டாள்.

இப்போது 1975. செய்தித்தாளில் இரண்டு அரசாங்கங்கள் ஏதோ ஓர் இடத்தைச் சுமுகமாகக் கைமாற்றிக்கொண்டன என்று படித்தால் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுகிறேன். மேஜையில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு கை கொடுக்கும் படம் இருக்கும். நல்லவர்களாகத்தான் தெரிவார்கள்.

தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து சரிபார்ப்பார்கள். இறந்தவர் பெயரை நீக்க வேண்டுமானால் அந்தப் பெயருக்கு இறப்புச் சான்று காட்ட வேண்டும். என்னிடம் இருப்பது குப்பனுடையது. அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. அறுபத்தேழிலும் எழுபத்தொன்றிலும் வந்தவர்களிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களும் வயதை மட்டும் கூட்டிப் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டு எண்ணுக்கு நேராக இன்றும் முதலில் அர்ஜுனன், அடுத்து நான், ரேணுகாம்பாள்.